கடற்கரை இல்லமும் நாய்க்குட்டியும்
(அஹிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் பற்றிய இல்லறப் பாடம்)



"கொல்லாமை என்றால் என்ன?" என்று நம் குழந்தைகளுள் எவரைக் கேட்டாலும், "எவ்வுயிரையும் கொல்லலாகாது, ஊன் உண்ணலாகாது" என்று தயங்காமல் விடை கூறுவர். விடை சரியானதே. ஆயினும் அது பாதி விடையே ஆகும். எஞ்சிய பாதியை நான் நூல்களில் பலமுறை படித்ததுண்டு. பிறர்க்குப் பாடமாகச் சொன்னதும் உண்டு. ஆனால் அதனை உள்ளபடி உணர்ந்தது என் எழுபத்து மூன்றாம் அகவையில்தான். உணர்த்தியது ஒரு நாய்க்குட்டி. அந்தப் பாடத்தை நம் குடும்பத்தார் அனைவரும் கற்க வேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதுகின்றேன்.

குட்டி வந்த வரலாறு

திண்டிவனத்தில் நெடுங்காலம் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், என் கணவர் மறைந்த பின்னர், மகன் குடும்பத்தோடு மரக்காணத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றிற்குக் குடிபெயர்ந்தேன். ஒரு புறம் உப்பளங்கள். மறு புறம் கடல். கதவைத் திறந்தால் மணல், மூடினால் அலையோசை. கூப்பிடு தூரத்தில் ஜினாலயம் இல்லாத ஊரில் வாழ்வது அதுவே முதன்முறை. அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் மீன்பிடித் தொழில் செய்வோர். அவர்கள் அன்புடையவர்களே. எனினும், வலையும் கூடையும் கண்ணிற்படும் போதெல்லாம் என் மனம் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆவணித் திங்களில் ஒரு மழை மாலையில், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் பேரன், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நனைந்து கிடந்த நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தான். இரண்டு மாதமே ஆன நாட்டு நாய்க்குட்டி அது. "பாட்டி, அங்கேயே விட்டிருந்தால் வண்டியில் அடிபட்டிருக்கும்" என்றான்.

நான் உடனே இசையவில்லை. நாய் ஊன் தின்னும் உயிராயிற்றே, நம் இல்லத்தில் அதற்கு என்ன உணவு இடுவது என்பது என் முதல் தயக்கம். பூசையறைத் தூய்மை என்பது இரண்டாவது. ஓர் உயிரை வளர்க்கத் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டுமே என்பது மூன்றாவது. எனினும் மழையில் மீண்டும் கொண்டுபோய் விடுவதற்கு மனம் வரவில்லை. "வளர்ப்போம், ஆனால் முறை தெரிந்து வளர்ப்போம்" என்றேன். பேரன் அதற்கு முத்து என்று பெயரிட்டான்.

அதிசாரம் என்பது யாது?

விரதத்தை முற்றிலும் முறிப்பது விரதபங்கம். விரதம் முறியாதிருக்கும்போதே அதில் கறை படியச் செய்வது அதிசாரம். உமாசுவாமிகள் அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபானநிரோதம் என்பன அவை. தமிழில் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் எனலாம்.

இவ்வைந்தையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். இவற்றுள் ஒன்றேனும் காட்டில் திரியும் விலங்கைப் பற்றியதா? வானில் பறக்கும் பறவையைப் பற்றியதா? இல்லை. நாம் கட்டக்கூடிய உயிர், நாம் சுமை ஏற்றக்கூடிய உயிர், நம் கையால் உணவு பெறும் உயிர் ஆகியவற்றைப் பற்றியே இவை பேசுகின்றன. மாடு, குதிரை, நாய், பணியாள், நம் குழந்தைகள் யாவரும் இதில் அடங்குவர். அயல் உயிரைக் கொல்லாதிருத்தல் பாதி. நம் கைக்குள் வந்துவிட்ட உயிரை வருத்தாதிருத்தல் மறுபாதி. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து.

வியப்பான செய்தி ஒன்று. நம் நாட்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 11ஆம் பிரிவு, அடித்தல், மிகைச்சுமை ஏற்றல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைத்தல், உறுப்புச் சிதைத்தல், போதிய உணவும் நீரும் தராதிருத்தல் ஆகியவற்றைக் குற்றங்கள் எனக் கூறுகின்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசாரியர்கள் வகுத்த ஐந்தும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆனால் சட்டம் பிறர் கண்டால்தான் தண்டிக்கும். கர்மம் எவர் காணாவிடினும் வந்து ஒட்டும். இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. கட்டுதல்

சூத்திரத்திற்கு உரை வகுத்த பூஜ்யபாத சுவாமிகள், ஓர் உயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்ல இயலாமல் தடுப்பதே கட்டு என விளக்குவார். அவ்வாறாயின் நாயைக் கயிற்றில் பிடிப்பதே அதிசாரம் ஆகுமா என்று பேரன் கேட்டான். நல்ல வினா.

முத்து வந்தபின் முதல் இரண்டு மாதங்கள் அதனைக் கடற்கரைக்குக் கொண்டு செல்லவில்லை. பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோயும் டிஸ்டெம்பர் என்னும் நோயும் பிற நாய்கள் நடமாடும் இடங்களில் குட்டிகளுக்கு எளிதில் தொற்றும். ஆறு முதல் எட்டு வார அகவையில் முதல் தடுப்பூசி இட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் இட்டு, ஏறத்தாழ பதினாறு வாரம் நிறைந்த பின்னரே பொதுவிடங்களில் விடலாம் என்பர் கால்நடை மருத்துவர். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும் இடப்படும். அதுவரை சுற்றுச்சுவருக்குள் அது ஓடி விளையாடியது. பின்னர் கயிற்றில் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம்.

கயிறு ஒன்றே, கருத்து இரண்டாகலாம். சாலையில் வண்டி மோதாதிருக்கவும், பிற உயிர்களைத் துரத்தாதிருக்கவும் நாமும் உடன் நடந்து பிடிக்கும் கயிறு காப்பு. நம் சோம்பலுக்காகத் தூணில் பிணைத்துவிட்டு நாள் முழுதும் மறந்துவிடும் கயிறு கட்டு. "கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்கின்றாரா, தூண் இருக்கின்றதா என்று பார்" என்றேன். பேரன் புரிந்துகொண்டான்.

இவ்விடத்தில் பகவான் நேமிநாதரை நினைவு கூர்தல் தகும். மணக்கோலத்தில் ஊர்வலம் வந்தபோது, விருந்திற்காகப் பட்டியில் அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுந்தது. அக்கணமே மணத்தைத் துறந்து துறவு பூண்டார் அப்பெருமான். திருமயிலைக் கடற்கரையில் எழுந்தருளியிருந்த அவரது திருவுருவம், கடல் அரிப்பினால் மேல்சித்தாமூருக்குக் கொண்டு வரப்பட்டது என்பது நம் மரபு. கடலோரம் வாழும் எனக்கு, அலையோசையினூடே அந்த ஓலமும் கேட்பது போல் சில வேளைகளில் தோன்றும்.

2. அடித்தல்

வதம் என்றால் கொலை என்றே பலரும் எண்ணுவர். இங்கு அது பொருளன்று. கோல், சாட்டை, பிரம்பு முதலியவற்றால் அடிப்பதே ஈண்டு வதம் என்று உரையாசிரியர் தெளிவுபடுத்துகின்றார். கொலையை முன்னரே விலக்கியவரிடம் அன்றோ அதிசாரம் பற்றிப் பேசுகின்றோம்?

முத்துவிற்குப் பல் முளைக்கும் பருவம் வந்தது. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் எழும், ஈறு ஊறும், எதையேனும் கடித்தால்தான் அதற்கு ஆறுதல். ஒரு நாள் என் சிராவகாசாரப் புத்தகத்தின் கட்டமைப்பையே கடித்துக் குதறிவிட்டது. நான் செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கினேன். குட்டி வாலை ஒடுக்கித் தரையோடு தரையாய்ப் பதுங்கியது. அந்தப் பார்வையை நான் முன்பே கண்டிருக்கிறேன். என் வகுப்பறையில், பிரம்பின் முன் கை நீட்டி நின்ற பிள்ளைகளின் கண்களில் கண்டேன். கை தானாகத் தாழ்ந்தது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தனர்: அச்சம் வந்த இடத்தில் கற்றல் நின்றுவிடும், பாராட்டு உடனுக்குடன் வர வேண்டும். தேர்வில் அதை எழுதினேன். வகுப்பில் பல நாள் மறந்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கியபோது நான் பணியில் இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அன்று அந்தக் குட்டியின் முன் அமர்ந்து மனத்தால் கேட்டேன்.

நாய் மனமுடைய ஐம்பொறி உயிர். சஞ்ஞி என்று நம் நூல்கள் குறிக்கும். கற்பிப்பதை ஏற்கும் ஆற்றல் உடையதே சஞ்ஞி எனப்படும். ஆகவே அதற்கு வேண்டியது அடியன்று, கல்வி. முடிந்துபோன குறும்புக்காகப் பின்னர் அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்பதே நாய்க்கு விளங்காது. கடிக்கத் தக்க பொருள் ஒன்றை நம் கண்பார்வையில் கொடுத்து, தகாததை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துச் சென்று, அங்கு நீர் கழித்தவுடன் தட்டிக் கொடுத்துப் பாராட்ட வேண்டும். சில வாரங்களில் முத்து வீட்டினுள் அசுத்தம் செய்வதை நிறுத்திவிட்டது. பூசையறை வாயிற்படியில் "இரு" என்றால் இருந்து கொள்ளவும் கற்றது.

3. உறுப்பறுத்தல்

அழகுக்காகச் சில இன நாய்க்குட்டிகளின் வாலை வெட்டுவதும், காதை நறுக்கி நிமிர்த்துவதும் இன்றும் சில இடங்களில் நடக்கின்றது. வால் நாயின் மொழி. மகிழ்வும் அச்சமும் அதனால்தான் புலனாகும். அத்தகைய குட்டியை விலை கொடுத்து வாங்குவதும் அச்செயலுக்கு உடன்படுதலே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்பது நம் சமயக் கொள்கை.

இனப்பெருக்கத் தடை அறுவை பற்றிச் சிலர் வினவுவர். சாலைகளில் பிறந்து வண்டிகளில் மடியும் குட்டிகளை எண்ணினால் அதன் தேவை புரிகின்றது. உறுப்பைச் சிதைத்தல் ஆகாதா என்னும் ஐயமும் எழுகின்றது. நோக்கம் அழகா, அருளா என்பதைக் கொண்டு, மருத்துவரையும் சமயச் சான்றோரையும் கேட்டு, அவரவர் குடும்பம் முடிவு செய்தல் நன்று.

4. மிகைச்சுமை

நாய்க்குட்டி மேல் எவரும் மூட்டை ஏற்றுவதில்லை. ஆனால் சுமை என்பது முதுகில் மட்டும் ஏறுவதன்று.

கடற்கரை மணல் காலை ஒன்பது மணிக்கெல்லாம் கொதிக்கத் தொடங்கும். செருப்பணிந்த நமக்கு அது தெரியாது. புறங்கையை மணல்மேல் ஐந்தாறு நொடி வைத்துப் பார்க்க வேண்டும்; நமக்குத் தாங்காத சூடு அதன் பாதத்திற்கும் தாங்காது. ஆகவே விடியற்காலையும் வெயில் தாழ்ந்த மாலையுமே உலாவுக்கு உரிய வேளைகள். எலும்பு முற்றாத குட்டியை நெடுந்தொலைவு ஓட்டுவதும் சுமையே. படம் எடுப்பதற்காக அலைக்குள் இழுத்துச் செல்வதும் சுமையே. எங்கள் முத்து முதல் முறை அலையைக் கண்டு பின்வாங்கியது. நாங்கள் வற்புறுத்தவில்லை, ஈர மணலில் அமர்ந்து காத்திருந்தோம். ஏழெட்டு நாள் சென்றபின் தானாகவே நுரையில் கால் வைத்தது.

இன்னொரு சுமையும் உண்டு. நாம் ஏற்ற விரதங்களை நாய் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. கரைவலை இழுத்த இடத்தில் சிதறிக் கிடந்த மீனை ஒரு நாள் முத்து கவ்விவிட்டது. நான் பதறினேன். மகாவீரர் முற்பிறப்பு ஒன்றில் சிங்கமாயிருந்து முனிவரின் உபதேசத்தால் விரதம் ஏற்றார் என்பது புராணம். ஆனால் அந்தச் சிங்கம் தானே உணர்ந்து ஏற்றது, எவரும் திணிக்கவில்லை. குட்டியைக் கடிந்து பயனில்லை என்று தெளிந்தேன். எனினும் வலையருகே அதனைச் செல்ல விடாதிருக்க உடல்நலக் காரணமும் உண்டு. மீனவர் வேண்டாமென்று எறியும் பேத்தை மீனில் கொடிய நஞ்சு உள்ளது. தூண்டில் முள்ளும் நரம்பும் தொண்டையில் சிக்கக் கூடும்.

5. உணவும் நீரும் தடுத்தல்

இந்த அதிசாரத்தை நானே செய்தேன். ஆதலின் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் இல்லத்தில் கதிரவன் மறைந்தபின் அடுப்பு எரிவதில்லை, உண்பதும் இல்லை. முத்து வந்த முதல் வாரத்தில் அந்த ஒழுங்கை அதற்கும் வகுத்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பால்சோறு. இரவில் அது முனகியது. "பசியன்று, தாயைப் பிரிந்த ஏக்கம்" என்று வீட்டாரிடம் கூறி, பஞ்ச நமஸ்காரம் ஓதிவிட்டுப் படுத்தேன். நான்காம் நாள் வைகறையில் பார்த்தால், குட்டி எழவில்லை. உடல் சில்லிட்டிருந்தது, ஈறு வெளுத்திருந்தது. வயிறும் கழிந்திருந்தது.

மருமகள் வெல்லத் தண்ணீரை விரலால் ஈறில் தடவினாள். என் மகன் வெளியூர் சென்றிருந்த நாள் அது. அழுகுரல் கேட்டு அடுத்த வீட்டு மீனவப் பெண்மணி ஓடி வந்தார். "டீச்சரம்மா, யோசிக்காதீங்க, வண்டி இருக்கு" என்று தம் மகனை எழுப்பினார். கடலுக்குச் செல்ல வேண்டிய அந்த இளைஞர், அன்றைய தொழிலை விட்டுவிட்டு, குட்டியையும் பேரனையும் இருசக்கர வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவரின் இல்லத்திற்கே விரைந்தார்.

குட்டி பிழைத்தது. மருத்துவர் கூறியதைப் பேரன் வந்து சொன்னான்: இத்துணைச் சிறிய குட்டிகளின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரும். இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை என உணவிட வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது.

அன்று சாமாயிகத்தில் அமர்ந்தபோது மனம் நிலைகொள்ளவில்லை. நான் சினத்தால் அதனைப் பட்டினியிடவில்லை, கஞ்சத்தனத்தாலும் அன்று. என் ஒழுங்கின்மீது எனக்கிருந்த பெருமிதத்தால் செய்தேன். இரவுண்ணாமை என் விரதம். என் உடலுக்கு நான் ஏற்றது. அதனைப் பசித்த குட்டியின் வயிற்றின்மேல் ஏற்றினேன். விரதத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டே விரதத்தில் கறை படியச் செய்தேன். இரக்கத்தில் யார் முந்தினார்? யாருடைய வலையைக் கண்டு நான் முகம் திருப்பினேனோ, அவர்கள் வீட்டிலிருந்துதான் வண்டி வந்தது. அத்தொழிலை இன்றும் என்னால் ஏற்க இயலாது. ஆனால் தொழிலைக் கண்டு மனிதரை அளந்த என் பிழையைப் பிரதிக்கிரமணத்தில் முதலாவதாக வைத்தேன். நன்றி கூறச் சென்றபோது, அவர்கள் திண்ணையில் அமர்ந்து நீர் வாங்கிப் பருகினேன். மனச்சுவரில் ஒரு கல் அன்று பெயர்ந்தது.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட முறை இது. குட்டிக்குரிய இரவு உணவையும் கதிரவன் மறையும் முன்பே சமைத்து மூடி வைத்தோம். இரவு ஒன்பது மணிக்குப் பேரன் அதனை எடுத்து வைத்தான். இரவில் அடுப்பு மூட்டவில்லை. குட்டியும் பசியால் வாடவில்லை. உயர்ந்த படிநிலை விரதம் ஏற்றோர்க்கு இதிலும் தயக்கம் எழலாம். அவர்கள் குட்டி வளர்க்கத் தொடங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆறு மாதம் கடந்தபின் இச்சிக்கல் எங்களுக்குத் தானே நீங்கிற்று. இப்பொழுது காலையும், மாலை வெளிச்சம் உள்ளபோதும் என இருவேளை உணவே போதுமாகின்றது.

ஊனின்றி நாயை வளர்க்க இயலுமா? இயலும், ஆனால் கவனம் வேண்டும். மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தமையால் மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றலை நாய் பெற்றுள்ளது. எனினும் வெறும் பால்சோறு வளரும் குட்டிக்குப் போதாது. புரதமும் சுண்ணச்சத்தும் குறைந்து எலும்பு வளையும். மருத்துவர் முட்டை தரலாம் என்றார். எங்கள் நெறியைப் பணிவுடன் கூறி மாற்று வழி கேட்டோம். சத்துகள் அளவோடு சேர்த்த சைவக் குட்டியுணவு இப்போது கடைகளில் கிடைக்கின்றது. அதனை முதன்மையாகக் கொண்டு, குழைந்த சோறு, வெந்த பருப்பு, கேழ்வரகுக் கூழ், பூசணி ஆகியவற்றையும் தந்தோம். மாதந்தோறும் எடை பார்த்தோம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. முதலிரண்டை விலக்கிய நம் அடுக்களை அதற்கும் நல்லதாயிற்று.

பூனையின் உடலமைப்பு வேறு. ஊனிலுள்ள சில சத்துகள் இன்றேல் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். அதற்கு ஊன் இட மனமில்லாதார் பூனையை வளர்க்க முற்படாதிருத்தலே அறம்.

நீர் பற்றி ஒரு சொல். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 35 கிராம் உப்புடையது. விளையாட்டுக் களைப்பில் குட்டி அதனைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகும். மிகுந்தால் மூளையே பாதிக்கப்படும். உலாவச் செல்லும்போது வடிகட்டிய நன்னீரும் ஒரு கிண்ணமும் உடன் கொண்டு செல்க. வீடு திரும்பியதும் பாதங்களை நன்னீரால் கழுவித் துடைக்க. வீட்டில் நீர்க்கிண்ணம் இரவும் பகலும் நிறைந்திருத்தல் வேண்டும்.

கடற்கரையில் ஓர் அறிவு வரிசை

முத்துவோடு நடக்கும்போது பேரனுக்கு நான் நடத்தும் பாடம் ஒன்றுண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுக்கும். நத்தையும் சங்கும் போல்வன ஈரறிவு உயிர்கள், எறும்பு மூவறிவு, நண்டு நான்கறிவு, விலங்குகள் ஐயறிவு. நம் ஆகமங்களும் பொறிகளின் எண்ணிக்கையால் உயிர்களை வரிசைப்படுத்தும். இவ்வரிசை முழுதும் எங்கள் கடற்கரையில் நாள்தோறும் காணக் கிடைக்கின்றது. உள்ளே உயிருள்ள சிப்பியை எடுக்கலாகாது. நண்டின் வளையைத் தோண்டும் குட்டியை மெல்ல அழைத்துக்கொள்ள வேண்டும்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறிக் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து கடலை நோக்கி ஊர்ந்து செல்லும். நாய்கள் மோப்பத்தால் அம்முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடுவது உண்டு. ஆகவே அக்காலத்தில் இரவிலும் வைகறையிலும் முத்துவைக் கயிறின்றி விடுவதில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்று மகிழ்ந்து, அதன் வாயால் நூறு உயிர்கள் மடிய விட்டால் அது என்ன அருள்?

உண்ணிகளும் உயிர்களே. மருந்துக்குக் காத்திராமல் நாள்தோறும் சீப்பால் வாரி, படுக்கைத் துணியை அடிக்கடி மாற்றி, அவை பெருகாமல் தடுப்பதே முதல் கடமை. தடுக்கத் தவறிப் பின்னர் பெருமளவில் அழிக்க நேர்வது நம் கவனக்குறைவின் விளைவே.

சுதஞ்சணன் வரலாறு

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காக அடிபட்டு உயிர் துடிக்கும் நாயொன்றைச் சீவகன் காண்கின்றான். மருந்து பயன்படாத நிலை. அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, சீவகனுக்கு நன்றி கூறி, பின்னர் அவன் உயிருக்கு இடர் நேர்ந்தபோது வந்து காக்கின்றது.

இக்கதையைப் பலமுறை வகுப்பில் சொன்னேன். மந்திரத்தின் பெருமை என்றே முடித்தேன். இப்பொழுது வேறொன்றும் தோன்றுகின்றது. அனைவரும் அடித்த இடத்தில் ஒருவன் குனிந்தான். மந்திரம் செவியில் விழ வேண்டுமாயின், முதலில் நாம் அந்த உயிரின் அருகே குனிய வேண்டும். அந்த நான்காம் இரவு நானும் அதே மந்திரத்தை ஓதினேன், ஆனால் குனியவில்லை.

இல்லத்தில் பயில்வதற்கு

பெற்றோர் கீழ்வரும் வினாக்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவார்களாக.

1. ஐந்து அதிசாரங்களின் பெயர்களைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நம் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. காப்புக் கயிற்றிற்கும் கட்டுக் கயிற்றிற்கும் வேறுபாடு யாது?
3. நாம் ஏற்ற விரதத்தைப் பிறர்மேல் சுமத்திய நேரம் உண்டா? யார்மேல்?
4. வளர்ப்பு விலங்கு இல்லாத வீட்டிலும் நம் கைக்குள் இருப்போர் யாவர்? முதியவர், பணிசெய்வோர், சிறு குழந்தைகள் ஆகியோர்க்கு இவ்வைந்தும் எவ்வாறு பொருந்தும்?

முத்து இப்பொழுது வாசற்படியில் கடலை நோக்கிப் படுத்திருக்கின்றது. அடுத்த வீட்டு இளைஞரின் வண்டி ஓசை கேட்டால் முதலில் எழுந்து வால் ஆட்டுவது அதுவே. நாங்களும் இவ்வூரில் வேரூன்றிவிட்டோம். அந்தி சாயும் முன் அதன் கிண்ணத்தில் உணவையும் நீரையும் வைத்துவிட்டு, அது உண்டு முடிக்கும் வரை அருகில் குனிந்து அமர்ந்திருக்கிறேன். அதன்பின்னரே என் மாலை வழிபாடு தொடங்குகின்றது.

அருகன் அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!